பனியன் நூல்களில் ஆன்ம வறட்சி

பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில உரைநடை நூல்களுள் தமிழ் மக்கள் நன்கறிந்தது, ஜான் பனியன் (1628-1688) இயற்றிய மோட்ச பிரயாணம் ஆகும். அதனைத் தழுவியே கிருட்டிணப் பிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். இக்கதையைப் பயிற்றுவிப்போர், சிலுவையடியில் பாவச்சுமை வீழ்ந்ததோடு பயணியின் உள்ளத்துயர் தீர்ந்தது என்று கூறிச் செல்வர். நாமும் வகுப்பில் பல்லாண்டு அவ்வாறே கூறி வந்தோம். பனியனின் தன்வரலாற்றை உடன்வைத்துப் பயின்ற பின்னர் அக்கருத்தைக் கைவிட நேர்ந்தது. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

பனியன் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரினர். பழங்கலங்களுக்கு ஒட்டுப்போட்டுப் பிழைத்தவர். ஒருநாள் பெட்போர்டுத் தெருவில், வெயிலில் அமர்ந்திருந்த ஏழைப் பெண்டிர் சிலர் தம் உள்ளத்தில் இறைவன் செய்த மாற்றத்தைப் பேசக் கேட்டார். அப்பேச்சில் இருந்த மகிழ்ச்சி தமக்கில்லை என்பதே அவர்க்கு முதலில் புலப்பட்டது. பின்னர் ஓரளவு ஆறுதல் பெற்றார். அதன்பின் வந்ததுதான் கொடிய காலம். கிறித்துவை விற்றுவிடுமாறு ஒரு குரல் இரவும் பகலும் அவரை நெருக்கிற்று. உண்ணும்போதும் ஊசி எடுக்கக் குனியும்போதும் அது விடவில்லை. ஒருநாட் காலை மனம் சலித்து அதற்கு இசைந்துவிட்டதாக அவர் கருதினார். தலைமகன் உரிமையை உணவுக்கு விற்ற ஏசாவின் கதை நெடுநாள் அவரை வாட்டிற்று. உரிமையைப் பின்னர்க் கண்ணீரோடு தேடியும் பெறாதவன் அல்லனோ அவன்! கட்டுக் குலைந்து உதிரும் நிலையிலிருந்த ஒரு பழம்படி, கலாத்தியர் நிருபத்துக்கு லூதர் எழுதிய உரை, இக்கலக்கம் முற்றுமுன்பே அவர் கைக்குக் கிட்டியிருந்தது. தம் நெஞ்சைக் கண்டு எழுதியதுபோல் அது தோன்றிற்றாம். இறுதியில், வயல்வழியே நடந்து செல்கையில், தம் நீதி தம் மனநிலையைப் பொறுத்ததன்று, விண்ணிலிருக்கும் கிறித்துவே அது என்னும் எண்ணம் எழுந்து அவர் விலங்கை அறுத்தது.

கதை இவ்விடத்து முடிந்திருப்பின் நம் பழைய கருத்தே நிலைத்திருக்கும். ஆனால் 1666-இல் வெளியிட்ட அத்தன்வரலாற்றின் முடிவுரையில் அவர் எழுதுவது வேறு. இறைவன் தம்மைத் தெளிவாகச் சந்தித்த பின்னரும் இருள் வந்து மூடுமென்றும், முன்பெய்திய ஆறுதல் எத்தகையது என எண்ணிப் பார்க்கவும் அப்போது இயலாதென்றும் ஒளியாது கூறுகின்றார். நம்பாமை, கிறித்துவின் அன்பை மறத்தல், வேண்டுதலில் மனம் சிதறல் முதலிய ஏழு குறைகள் இன்றும் தம்மிடம் உள என எண்ணியும் காட்டுகின்றார். அந்நாளில் அவர் ஊரறிந்த போதகர். 1660 முதல் சிறையில் இருந்தவர். போதிப்பதில்லை என உறுதியளித்திருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம். அதனை மறுத்து, 1672 வரை சிறையிலிருந்தபடி காலணிக் கயிறு செய்து, பார்வையற்ற மகள் உள்ளிட்ட குடும்பத்தைப் பேணினார். இத்தகையவர் தம் வறட்சியைத் தம்மை நம்பிய சபையார்க்கு ஏன் எழுதினார்?

விடை அந்நூலின் முன்னுரையில் உளது. இறைவன் தம்மைச் சந்தித்த இடங்களை நினைந்து பார்க்குமாறு சபையாரை வேண்டும் அவர், கோயிலையோ பெருவிழாவையோ குறிப்பிடவில்லை. பால் வைக்கும் அறை, தொழுவம், களஞ்சியம் ஆகியவற்றையே கூறுகின்றார். உழைப்பாளர் நாள்தோறும் புகுந்து வெளிவரும் இடங்கள் அவை. புதிய உணர்ச்சியைத் தேடி அலையாது, முன்பு நேர்ந்ததை நினைவால் மீட்டுக்கொள்க என்பதே அவர் கருத்து.

இனி, 1678-இல் வெளிவந்த மோட்ச பிரயாணத்தை நோக்குவாம். ஐயக் கோட்டை சிலுவைக்கு முன் இல்லை. சிலுவையைக் கடந்து, மாயச்சந்தையில் தோழன் கொலையுண்டதையும் கண்டு, வாழ்வின் ஆற்றங்கரையில் இளைப்பாறிய பின்னரே வருகின்றது. வழி கரடானதால் மெல்லிய புல்வழியில் இறங்கிய இருவரையும் நம்பிக்கையிழவு என்னும் அரக்கன் புதன்கிழமை முதல் சனிக்கிழமை இரவுவரை அடைத்து வைக்கின்றான். நள்ளிரவு தொட்டு அவர்கள் வேண்டுதல் செய்கின்றனர். விடியலுக்குச் சற்றுமுன், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது பயணிக்கு நினைவு வருகின்றது. புறத்திருந்து எவரும் வந்து கதவைத் திறக்கவில்லை. ஆயினும் இறுதி இரும்புக் கதவின் பூட்டு மிகக் கடினமாகவே திரும்பிற்று என்று பனியன் ஒரு சொல் சேர்க்கின்றார். அச்சிறு சொல்லில் சிறையிலிருந்தவரின் பட்டறிவைக் காண்கின்றோம்.

தமிழ்க் காப்பியத்தைப் பயில்வார்க்கு இது பயன்படும். கிருட்டிணப் பிள்ளை வைணவக் குடியிற் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். காப்பியம் நூலாக வெளிவந்தபோது அவர்க்கு அகவை அறுபத்தேழு. அது புதிதாய் மதம் புகுந்தவரின் முதல் ஊக்கத்தில் வெளிப்பட்ட நூலன்று. கதைக்கிடையே தேவாரம் என்ற பெயராலேயே அவர் இசைப்பாடல்களை அமைத்தார். அவற்றைச் சமய ஒப்புமைக்கு மட்டும் சான்றாகக் காட்டுதல் போதாது. திருவாசகத்து நீத்தல் விண்ணப்பத்தில் கைவிடற்க என இறைஞ்சுவோர், முன்னரே ஆட்கொள்ளப்பட்டவர் அல்லரோ? சமயமும் கொள்கையும் வேறு. எனினும், அடைந்த பின் இழக்க அஞ்சும் அக்குரலைத் தமிழ்ப் புலவர் ஒருவர் பனியனின் கதையில் எளிதில் இனங்கண்டிருத்தல் கூடும். கோட்டைப் பகுதியையும் இத்தேவாரங்களையும் இணைத்துப் பயிலுமாறு எம் மாணவர்க்கு இப்போது கூறி வருகின்றோம்.