கஞ்சாச் சட்டமும் கரையோர மக்களும்

கற்பிட்டி முதல் உடப்பு வரையான புத்தளக் கரையோரத்தில் கஞ்சா என்றதும், கடற்படை கைப்பற்றும் பொதிகளே நம் நினைவுக்கு வருகின்றன. இத்தடை யாரைக் கேட்டுப் பிறந்தது என்பதை நாம் ஆராய்வதில்லை.

1893இல் பிரித்தானிய இந்திய அரசு அமைத்த கஞ்சா ஆணைக்குழு 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. அளவான நுகர்வு பொதுவாகப் பெருந்தீங்கு விளைப்பதில்லை; முழுத் தடை வேண்டா, வரியும் கட்டுப்பாடும் போதும் என்று 1894இல் அது முடிவுரைத்தது. வரி வருவாயில் அவ்வரசுக்கு நாட்டமிருந்தது உண்மையே. எனினும் மக்களைக் கேட்டது.

பின்னர் எகிப்தின் வற்புறுத்தலால் 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைத் தடைசெய்தது. சர்வசன வாக்குரிமை வந்ததோ 1931இல்! கரைவலை இழுத்தவரின் கருத்து அச்சட்டத்தில் இடம்பெற வழியே இருக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் மருத்துவத் தேவைக்கு மட்டும் இடமளித்தது.

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. அந்நியச் செலாவணி தேவைப்பட்டதும் நஞ்சு பணப்பயிராயிற்று.

போதைக்காக நாம் வாதாடவில்லை. நம் மாணவரை அது அண்டலாகாது. ஆயினும் முதலீட்டாளனுக்கு அனுமதிப்பத்திரம், கூலிக்குப் பொதி சுமந்தவனுக்குச் சிறை என்பது நீதியாகுமா? அந்நிய ஆட்சி அன்று நடத்திய பகிரங்க விசாரணையை, வாக்குரிமை பெற்ற மக்களின் அரசு இன்று மீனவக் கிராமங்களிலும் நடத்தட்டும்.