சாந்து பூசும் உரிமை

கரூர் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரில் வந்த அரசாணை. கண்மாளர் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், செருப்புப் போடலாம், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்கிறது. ஊருக்குக் கட்டியவர்கள் தன் சுவரைப் பூச ராசா உத்தரவு! அதுவும் தனியாளுக்கல்ல, நாட்டுக் கண்மாளர் எல்லாருக்கும்.

இந்தத் தொழிற்கூட்டை வெறும் ஒற்றுமையாகக் கொண்டாட எனக்கு மனசில்லை. வேலை எங்கே என்ற சேதி இன்றும் பெரும்பாலும் மேஸ்திரி வழியாகத்தான் வருது. அவர் தன் மச்சானுக்கு, ஊர்ப் பையனுக்குக் கரண்டி பிடிக்கப் பழக்குகிறார். கலவை சுமக்கும் சித்தாளுக்கு இல்லை. 1994இல் தமிழகத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. அது இதைத் தொடவில்லை.

எங்கள் தெருவில் வேலைபார்த்த அம்மாவிடம் கேட்டேன், பூச்சு வருமா என்று.

"வரும் தம்பி. மேஸ்திரி கரண்டிய குடுக்கணுமே."