சிறுநகரின் இரகசியமும் காணாமற்போன செய்தியாளரும்: பௌரி, 1988

முன்னுரை

மர்மநாவல் என்னும் இலக்கிய வகை ஒரு மறைபொருளை மையமாகக் கொண்டது. ஒருவர் காணாமற் போகிறார். அவரைத் தேடி ஒருவர் வருகிறார். ஊரார் வாய்திறக்கத் தயங்குகின்றனர். இறுதியில் மறைந்திருந்தது வெளிப்படுகிறது. தமிழில் நடேச சாஸ்திரியாரின் 'தானவன்' (1894) தொடங்கி இவ்வமைப்பு பலவாறாகக் கையாளப்பட்டு வந்துள்ளது. காணாமற் போனவர் ஒரு செய்தியாளராகவும், களம் ஒரு சிறுநகராகவும் அமையும்போது இக்கதை தனிச்சுவை பெறுகிறது. ஊரின் இரகசியத்தை எழுத முயன்றவரே ஊரின் இரகசியமாகிவிடுவது அச்சுவைக்குக் காரணம் எனலாம்.

இவ்வமைப்பு இந்திய இதழியல் வரலாற்றில் உண்மையாகவே நிகழ்ந்த இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, 1988ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இமயமலைப் பகுதியின் பௌரி நகரில் நிகழ்ந்த உமேஷ் டோபால் என்னும் செய்தியாளரின் மறைவாகும். அதனை அப்பகுதியின் இதழியல் மரபோடும் பொருளாதார வரலாற்றோடும் இணைத்து நோக்குவதும், புனைகதை கூறும் 'இரகசியம்' வரலாற்றில் எவ்வாறு வேறுபடுகின்றது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். எவரையும் குற்றவாளி எனச் சுட்டுவது இதன் நோக்கமன்று. வழக்கின் நீதிமன்ற நடவடிக்கைகளும் இதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இந்தி மர்மநாவலில் செய்தியாளர்

பௌரி மக்கள் வீட்டில் கார்வாலி பேசினாலும் படிப்பது இந்தியில். அவர்களுக்கு அறிமுகமான மர்மநாவல் உலகில் செய்தியாளருக்குச் சிறப்பான இடம் இருந்தது. சுரேந்திர மோகன் பாட்டக் 1963இல் தொடங்கிய நாவல் வரிசையின் தலைவன் சுனில், 'பிளாஸ்ட்' என்னும் நாளிதழின் நிருபன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களில் இப்பாத்திரம் இடம்பெற்றுள்ளது. தமிழில் தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறிபவர். சுஜாதாவின் கணேஷ் வழக்கறிஞர். இந்தியிலோ புகழ்பெற்ற வரிசையொன்றின் துப்பறிபவன் செய்தியாளனாகவே படைக்கப்பட்டான் என்பது நோக்கத்தக்கது.

சுனில் வாழும் இராஜநகர் கற்பனையான பெருநகர். அங்கே குற்றவாளி செய்தியாளனுக்கு அயலான். உண்மை மறைந்து கிடக்கிறது. நிருபன் அறிவால் அதனைக் கண்டடைகிறான். அச்சேறியதும் கதை முடிகிறது. ஆகவே, 'கண்டறிதலே கடினம். வெளியிடுதல் எளிது' என்பது இக்கதை மரபின் அடிப்படைக் கொள்கையாகும். சிறுநகரில் இக்கொள்கை தலைகீழாகிறது. அதற்குக் காரணம் அறிய, பௌரியின் வரலாற்றைக் காண வேண்டும்.

பௌரியும் கார்வால் இதழியல் மரபும்

கூர்க்கர் போருக்குப்பின் 1815இல் கார்வாலின் ஒரு பகுதி ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. 1840இல் மாவட்டத் தலைநகர் அளகநந்தைக் கரையிலுள்ள ஸ்ரீநகரிலிருந்து மலைமேலுள்ள பௌரிக்கு மாற்றப்பட்டது. 1969இல் கார்வால் கோட்டத்தின் தலைமையிடமாகவும் பௌரி ஆயிற்று. அலுவலகங்களும் நீதிமன்றங்களும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து உருவாக்கிய ஊர் இது. ஏலம் எடுத்தவர் யார், உரிமம் பெற்றவர் யார், யாருக்கு யார் வேண்டியவர் என்பன கடைத்தெருவில் அனைவரும் அறிந்த செய்திகளாகவே இருந்திருக்கும்.

அன்றைய உத்தரப் பிரதேசத்தின் இம்மலைப் பகுதி, 2000ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் தனிமாநிலமாயிற்று. இதழியலில் இதற்கு நீண்ட மரபு உண்டு. 1871இல் தோன்றிய 'அல்மோரா அக்பார்', துணை ஆணையரைச் சாடி எழுதியதன் விளைவாக ஈட்டுத்தொகை கேட்கப்பட்டு 1918இல் நின்றது. அதே ஆண்டில் பத்ரி தத் பாண்டே 'சக்தி' இதழைத் தொடங்கினார். கூலியில்லாக் கட்டாய உழைப்பை எதிர்த்து 1921இல் பாகேஷ்வரில் எழுந்த கிளர்ச்சிக்கு அவ்விதழ் துணைநின்றது.

இம்மரபில் நம் பொருளுக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி, 1905இல் டேராடூனிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'கார்வாலி' இதழைச் சார்ந்தது. 1930 மே 30ஆம் நாள் டெஹ்ரி சமஸ்தானத்தின் ரவாய்ன் பகுதியில், யமுனைக் கரையிலுள்ள திலாடியில், வன விதிகளை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது சமஸ்தானப் படை சுட்டது. அச்செய்தி 'கார்வாலி'யில் வெளிவந்தது. செய்தி அனுப்பியவர் பெயரைக் கூற மறுத்த ஆசிரியர் விசுவம்பர் தத் சந்தோலா ஓராண்டு சிறை சென்றார். சமஸ்தானத்திற்கு வெளியேயிருந்த ஆசிரியருக்குச் சிறை மட்டுமே கிடைத்தது. உள்ளேயிருந்த நிருபரின் பெயர் வெளிப்பட்டிருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். செய்தியின் ஆபத்து அச்சிடப்படும் ஊரில் இல்லை. அது நிகழ்ந்த ஊரிலேயே உள்ளது என்பதை ஆசிரியர் உணர்ந்திருந்தார் எனக் கொள்ளலாம்.

மதுவும் ஏலமும்

மலைப்பகுதியின் பொருளாதாரம் 'மணியார்டர் பொருளாதாரம்' என்றே வழங்கப்படுவது. ஆடவர் படையிலும் சமவெளி நகரங்களிலும் பணிபுரிந்து அனுப்பும் பணத்தில் குடும்பங்கள் வாழ்ந்தன. 1887இல் லான்ஸ்டவுனில் படைத்தளம் அமைந்தபின் இராணுவப் பணியும் ஓய்வூதியமும் இவ்வாழ்வின் அடித்தளமாயின. இப்பணத்தை ஈர்க்கும் வாய்ப்புகள் மலையில் சிலவே. அவற்றுள் மதுவணிகம் முதன்மையானது.

மதுக்கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. எடுத்தவர் கட்டிய தொகையை மீட்க விற்பனையைப் பெருக்கவேண்டும். உரிமம் பெற்ற கடைக்கு அப்பாலும் சரக்கு கிராமங்களுக்குச் சென்றது. மதுவிலக்கு இருந்த காலங்களிலும் இடங்களிலும் டிஞ்சர் வகைகளும், 'மிருதசஞ்சீவனி சுரா' போன்று மருந்தென்னும் பெயர் தாங்கிய மதுவகைகளும் அவ்விடத்தை நிரப்பின. பௌரியில் இத்தகைய கடையொன்றை எரித்த பெண் துறவி, 'டிஞ்சர்' என்னும் சொல்லின் திரிபாகிய 'டிஞ்சரி மாயி' என்னும் பெயராலேயே மக்கள் நினைவில் நிலைபெற்றார்.

1984 பிப்ரவரியில் அல்மோரா மாவட்டத்தின் பஸ்பீடா என்னும் சிற்றூரில், 'போதை வேண்டா, வேலை தா' என்னும் பொருள்பட்ட முழக்கத்தோடு இயக்கமொன்று எழுந்தது. உத்தரகண்ட் சங்கர்ஷ வாஹினி முன்னின்ற இவ்வியக்கத்தில் பெண்கள் பெருந்திரளாகப் பங்கேற்றனர், ஏலங்கள் மறிக்கப்பட்டன. மதுவணிகத்தில் எவர் எவர் தொடர்புடையர் என்பது அப்போது தெருவிலேயே பேசப்பட்டது. ஆகவே 1988இல் பௌரியின் மதுவணிகம் மறைபொருளன்று. அது அச்சேறாத பொதுஅறிவு.

1988 மார்ச்சு

இதே காலத்தில் இந்தி நாளிதழ்களும் மாறிக்கொண்டிருந்தன. 1948இல் ஆக்ராவில் தோன்றிய 'அமர் உஜாலா', 1969இல் பரேலியிலும் 1986இல் மீரட்டிலும் பதிப்புகளைத் தொடங்கியது. சமவெளியில் அச்சாகி மலைக்கு ஏறிய நாளிதழ்கள், வாசகரைப் பெற உள்ளூர்ச் செய்திகளை நாடின. முன்பு கடைத்தெருப் பேச்சோடு நின்றவை ஊர்ப்பெயரோடும் ஆட்பெயரோடும் மறுநாள் அதே கடைத்தெருவிற்கு அச்சுருவில் வந்து சேர்ந்தன. செய்திக்கு உரியவரும் அதனை எழுதியவரும் ஒரே தெருவில் எதிர்ப்பட நேர்ந்தது.

இந்நாளிதழின் பௌரிச் செய்தியாளராகவும் கவிதை எழுதுபவராகவும் இருந்தவர் உமேஷ் டோபால். மதுவணிகத்தினரின் செயல்களைத் தொடர்ந்து எழுதியவர். 1988 மார்ச்சு இறுதியில் அவர் காணப்படவில்லை. மதுவணிகக் கும்பலால் அவர் கொல்லப்பட்டார் என்பதே அப்பகுதி இதழாளர்களின் துணிபு. மார்ச்சு 25 அவர் மறைந்த நாளாகக் கொள்ளப்படுகிறது.

ஒருவர் காணப்படாத தொடக்க நாள்களில் ஐயம் எழுவதற்கும் காலம் தேவைப்படுகிறது. வெளியூர் சென்றிருப்பார், உறவினர் வீட்டில் இருப்பார் என்னும் விளக்கங்கள் எளிதில் கிடைக்கின்றன. மர்மநாவலில் இவ்விடைவெளி ஆவலை வளர்க்கிறது. வாழ்வில் அது தடயங்களை அழிக்கிறது. இங்கே தேடும் பொறுப்பை இதழாளர் ஏற்றனர். மலைப்பகுதியின் செய்தியாளரும் மக்கள் அமைப்பினரும் தெருவில் இறங்கி உயர்நிலை விசாரணை கோரினர். கிளர்ச்சி பௌரிக்கு வெளியேயும் பரவியது.

அதே 1988இல் நடுவணரசு கொணர்ந்த அவதூறுச் சட்டமுன்வரைவு மக்களவையில் நிறைவேறிய பின்னரும் நாடெங்கும் எழுந்த இதழாளர் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. தலைநகரின் ஆசிரியருக்கு அச்சுறுத்தல் சட்டமாக வந்தது. சட்டத்தை எதிர்க்க ஊர்வலமும் தலையங்கமும் உதவின. சிறுநகரின் நிருபருக்கோ அச்சுறுத்தல் அடுத்த தெருவிலிருந்து வந்தது. அதற்கு எதிராக அவருக்கு இருந்தது அவர் எழுத்து மட்டுமே.

காணாமற்போதலும் சட்டமும்

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் காணாமற் போனவரைப்பற்றி இரு விதிகளை வகுத்தது. முப்பதாண்டுகளுக்குள் உயிருடன் இருந்ததாகக் காட்டப்பட்டவர் இறந்தார் என்று கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 107ஆம் பிரிவு. அவரைப்பற்றி இயல்பாக அறியக்கூடியவர்கள் ஏழாண்டுகள் ஒன்றும் கேள்விப்படவில்லையாயின், அவர் உயிருடன் உள்ளார் என்று கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 108ஆம் பிரிவு. 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்திலும் இவ்விதிகள் தொடர்கின்றன.

உடல் கிடைக்காமலேயே கொலைக்குற்றத்தை மெய்ப்பிக்க இயலும் என்பதை உச்சநீதிமன்றம் இராமானந்த் - இமாசலப் பிரதேச அரசு வழக்கில் (1981) தெளிவுபடுத்தியது. ஆனால் அதற்கு ஐயத்திற்கிடமற்ற சான்றுகள் வேண்டும். சூழ்நிலைச் சான்று என்பது பெரும்பாலும் கண்டவர், கேட்டவர் கூற்றுகளின் தொகுப்பே. எனவே சிறுநகரில் சட்டத்தின் வலிமை ஊராரின் வாய்மொழியைச் சார்ந்து நிற்கிறது. அனைவரும் அறிந்தது நீதிமன்றத்தில் எவரும் அறியாததாகிவிடலாம். தெருவில் கூறுவதற்கும் கூண்டில் கூறுவதற்கும் இடையேயுள்ள இத்தொலைவிலேயே சிறுநகரின் 'இரகசியம்' உயிர்வாழ்கிறது.

பின்னாளைய ஒப்புமை

பௌரி நிகழ்ச்சி தனித்த ஒன்றன்று என்பதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிந்தைய சான்று ஒன்றே அமையும். சத்தீசுகர் மாநிலம் பிஜாப்பூரின் செய்தியாளர் முகேஷ் சந்திராகர் 2025 ஜனவரி 1ஆம் நாள் காணாமற் போனார். சாலைப்பணி முறைகேடு பற்றிய செய்தியில் பங்காற்றியவர் அவர். இரு நாள்களுக்குப் பின் ஒப்பந்தக்காரர் ஒருவருக்குரிய இடத்தில், காரையிட்டு மூடப்பட்ட கழிவுத் தொட்டியில் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. ஊடகவியலாளர் பாதுகாப்புச் சட்டமுன்வரைவை அம்மாநிலச் சட்டமன்றம் 2023இலேயே நிறைவேற்றியிருந்தது என்பதும் கருதத்தக்கது.

ஊரும் காலமும் கருவியும் மாறின. அச்சுத்தாளின் இடத்திற்குக் காணொலியும் வந்துவிட்டது. மாறாதவை இரண்டு. அரசுப்பணம் ஒப்பந்தமாகவோ ஏலமாகவோ சிறுநகருக்குள் நுழையும் வழி ஒன்று. அவ்வழியருகிலேயே குடியிருக்கும் நிருபரின் தனிமை மற்றொன்று.

முடிவுரை

மர்மநாவல் இரகசியத்தை அறியாமையின் விளைவாகக் காட்டுகிறது. பௌரியின் வரலாறு அதனை மௌனத்தின் விளைவாகக் காட்டுகிறது. உமேஷ் டோபால் கண்டறிந்ததைவிட, ஊர் அறிந்ததைத் தம் ஊரிலிருந்தே எழுதினார் என்பதே பொருத்தமாகும். 1930இன் ரவாய்ன் நிருபருக்குப் பெயர் மறைக்கப்பட்டது பாதுகாப்பாயிற்று. 1988இன் பௌரி நிருபருக்கு அத்தகைய மறைவு இல்லை.

நாவல் இறுதிப் பக்கத்தில் முடிச்சு அவிழ்ந்தவுடன் மூடப்படுகிறது. பௌரியில் அவ்வாறு நிகழவில்லை. ஆண்டுதோறும் மார்ச்சு 25ஆம் நாள் இதழாளரும் எழுத்தாளரும் கூடி டோபாலை நினைவுகூர்வது மரபாகியுள்ளது. எது நடந்தது என்று அறிவதற்காக அவர்கள் கூடுவதில்லை. அறிந்ததைக் கூறாமலிருக்கும் பழைய வழக்கத்திற்கு ஊர் மீண்டுவிடாதிருக்கவே கூடுகின்றனர் எனலாம்.