வித்துராவுக்கு வரும் வலசைப் பறவைகள்

செப்டம்பர் பிறந்து சில நாட்களில், வித்துராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியில் உள்ள கல்லாற்றுப் பாறைகளுக்குச் சாம்பல் வாலாட்டி வந்து சேர்ந்துவிடும். முதுகு சாம்பல், வயிறு மஞ்சள், உடம்புக்குச் சற்று மிஞ்சிய நீளத்தில் வால். நனைந்த பாறையின் விளிம்பில் நின்று வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்கு மேல் பூச்சி பறந்தால் எம்பிப் பிடித்துவிட்டு அதே பாறைக்குத் திரும்பும். எடை இருபது கிராமுக்குப் பக்கம். இமயமலையின் ஓர் ஓடைக்கரையிலோ, அதற்கும் வடக்கே மத்திய ஆசிய, சைபீரிய மலைகளிலோ முட்டையிலிருந்து வெளிவந்த பறவை அது. ஏப்ரல்வரை இங்கே தங்கும். ஆக, ஆண்டில் ஏழு மாதம் கேரளத்து மலையடிவாரம். கூடு கட்டிக் குஞ்சு வளர்க்க மட்டும் வடக்கு. வலசைப் பறவைகளை விருந்தாளி என்று அழைப்பது நம் வழக்கம். இந்தக் கணக்கைப் பார்த்தால், அது எந்த ஊருக்கு விருந்தாளி என்று மறுபடி கேட்கத் தோன்றுகிறது.

பருவம் மாறும்போது ஒரு பறவையினம் தான் இனப்பெருக்கம் செய்யும் இடத்துக்கும் வேறொரு வாழிடத்துக்கும் இடையே ஆண்டுதோறும் தவறாமல் போய்வருவதே வலசை. மலையாளத்தில் இவற்றைத் தேசாடனப் பறவைகள் என்பார்கள். ஊரை விட்டு மக்கள் கூட்டமாகப் பெயர்வதையும் குறிக்கும் ‘வலசை’ என்ற தமிழ்ச் சொல்லில் பயணத்தின் பாடும் சேர்ந்து ஒலிக்கிறது.

வித்துரா திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பின்னால் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. தென்கிழக்கே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியமலை. பக்கத்தில் 1983-ல் அறிவிக்கப்பட்ட பேப்பாறை சரணாலயம். முகட்டைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமையின் களக்காடு–முண்டந்துறைக் காடுகள். இந்த ஊரின் மழைதான் பறவைகளுக்கு முக்கியம். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை ஓய்ந்ததும், அக்டோபரில் துலாவர்ஷ மழை பிடித்துக்கொள்ளும். வடக்கே பனி இறங்கிப் பூச்சிகள் மடியும் நேரத்தில், இங்கே இரண்டாம் மழை நனைத்த காட்டில் புழுவும் பூச்சியும் மலிந்திருக்கும்.

பறவை ஏன் இடம்பெயர்கிறது என்றால் குளிருக்குப் பயந்து என்றுதான் பலரும் சொல்வார்கள். உணவு கிடைத்தால் பல பறவைகள் குளிரைத் தாங்கிவிடும். இறகுக்கு உள்ளே அவற்றின் உடம்பு நாற்பது டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. தாங்க முடியாதது பசி. உறைந்த நிலத்தில் பூச்சி கிடையாது; பூச்சியையே நம்பிப் பிழைக்கும் குருவிக்கு அங்கே இருக்க வழியில்லை. அப்படியானால் தெற்கிலேயே தங்கிவிடலாமே? இங்கே ஆண்டு முழுதும் வாழும் பறவைகளும் அதே பூச்சியைத்தான் தேடுகின்றன. முட்டையைத் தின்னும் பாம்பும் ஓணானும் இங்கே அதிகம். வடக்கின் கோடையிலோ பகல் பதினாறு, பதினெட்டு மணி நேரம் நீள்கிறது, பூச்சிகள் ஒரே சமயத்தில் பெருகுகின்றன. குஞ்சுக்கு இரை கொண்டுவர அத்தனை வெளிச்சம் வேறெங்கும் கிடைக்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதன் ஆபத்தையும் மீறி இந்த இரட்டை வாழ்க்கை லாபமாக இருந்திருக்கிறது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக நீடிக்கிறது.

தமிழ்நிலத்தில் இந்தப் போக்குவரத்தைக் கவனித்தவர்கள் பழங்காலத்திலேயே இருந்தார்கள். புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலைப் பார்த்துப் பேசுகிறார். அது குமரித் துறையில் மேய்ந்துவிட்டு வடக்கே மலைக்குப் போகும் பறவை. போகிற வழியில் உறையூரில் இறங்கிக் கோப்பெருஞ்சோழனைப் பார்க்கச் சொல்கிறார். பிற்காலத்துச் சத்திமுற்றப் புலவர், குளிரில் வாடியபடி மதுரையில் இருந்துகொண்டு, சிவந்த கால்களையுடைய நாரையிடம் ஊரில் உள்ள மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். அந்த நாரையும் குமரியில் நீராடி வடதிசைக்குத் திரும்பும் பறவைதான். இரண்டு பாட்டிலும் திசை சரி. நாரையைப் பாடியவருக்கு அது ஜோடியாகத் திரும்பும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டும் செங்கால் நாரை இன்றும் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருகிறது. பாட்டில் வரும் அன்னம் வரித்தலை வாத்தாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து, நாங்குநேரிக்கு அருகே உள்ள கூந்தன்குளத்துக்கு இப்போதும் வருகிறது. இமயத்தைக் கடக்கும்போது அது 7,290 மீட்டர் உயரம்வரை ஏறியதைச் செயற்கைக்கோள் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. குமரிமுனை வித்துராவிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கிவிடும். புலவர்கள் பாடிய வான்வழி இந்த மலைகளை ஒட்டியே போகிறது.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் சில பறவைகள் இடம்பெயர்வதை அறிந்திருந்தார். ஆனாலும் தகைவிலான்கள் குளிர்காலத்தில் பொந்துகளில் இறகுதிர்த்து ஒடுங்கிக் கிடக்கின்றன என்றும், கோடையில் காணும் ஒரு குருவி குளிர்காலத்தில் இன்னொரு குருவியாக மாறிவிடுகிறது என்றும் எழுதிவைத்தார். அந்த நம்பிக்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் ஆண்டது. 17-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் மார்ட்டன் என்ற ஆங்கிலேயர், பறவைகள் நிலாவுக்குப் போய்வருகின்றன என்று வாதிட்டார். 1822-ல் ஜெர்மனியில் சுடப்பட்ட ஒரு செங்கால் நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று ஊடுருவி நின்றது. ஈட்டியைச் சுமந்தபடியே அது கண்டம் கடந்து பறந்து வந்திருந்தது. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அந்தப் பறவை இன்னும் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்கா வரை நாரை போகிறது என்பதற்கு அதைவிடக் கொடுமையான சாட்சியம் வேண்டியதில்லை.

1899-ல் டென்மார்க்கின் விபோர்க் நகரில் மோர்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனப் பறவைகளின் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். தனிப் பறவை ஒன்றுக்கு அடையாளம் கொடுக்கும் முறை அதிலிருந்து பரவியது. இந்தியாவில் 1920களின் பிற்பகுதியில் தார் சமஸ்தானத்தில் வளையமிடல் தொடங்கிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதை வளர்த்தது. பெரிய அளவில் வேகம் பிடித்ததற்குக் காரணம் ஒரு நோய். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதருக்கும் காய்ச்சல் கண்டது. வைரஸ் ரஷ்யாவில் கண்ட ஒன்றை ஒத்திருந்ததால், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளின் உண்ணிகள் அதைச் சுமந்து வந்தனவா என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் ஆயிரமாயிரமாகப் பறவைகளுக்கு வளையமிட்டார்கள். கோடியக்கரை அதில் முக்கியக் களம். அந்த ஐயம் மெய்ப்படவில்லை. பறவைகளின் பாதைகளைப் பற்றிய அறிவு மட்டும் பெருகிக் கிடைத்தது.

திருவிதாங்கூரின் பறவைகளைப் பட்டியலிட்டவர்களில் முன்னோடிகள் இருவர்: திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தை நடத்திய ஃபெர்குசன், வனத்துறையில் இருந்த போர்டில்லன். அவர்கள் எழுதியது 1903–04-ல் வெளிவந்தது. 1933-ல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் ஊர் ஊராகச் சென்று ஆய்வு செய்தார். அதன் பயனாக 1953-ல் ஒரு நூலும், 1969-ல் அதன் விரிந்த வடிவமான ‘கேரளப் பறவைகள்’ நூலும் வந்தன. ஆனால் சாதாரண வாசகர் கையில் பறவையைக் கொடுத்தவர் ‘இந்துசூடன்’ என்ற பெயரில் எழுதிய கே. கே. நீலகண்டன். மலையாளத்தில் அவர் எழுதிய பறவை நூல் 1958-ல் வெளிவந்தது. கேரளத்தில் இன்று பறவை பார்ப்போர் பலருடைய முதல் புத்தகம் அது.

அக்டோபர் மாலையில், ஆறு மணி வாக்கில், வித்துராவின் ரப்பர்த் தோட்ட ஓரங்களில் இரண்டே சுரத்தில் ஒரு சீட்டி கேட்கும். சற்று இடைவெளி விட்டு மறுபடி. ஆறுமணிக்குருவி வந்துவிட்டது. விடியலிலும் அந்தியிலும் ஒலிப்பதால் தமிழில் அந்தப் பெயர், மலையாளத்தில் காவி, இந்தியில் ஒன்பது நிறத்தாள் என்று பொருள்படும் நவரங். பச்சை முதுகு, தோளில் பளிச்சிடும் நீலம், கண்ணை வளைத்துக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு, வாலென்று சொல்லத் தயங்கும் குட்டை வால். இவ்வளவு நிறம் இருந்தும் நிழலில் உதிர்ந்த இலைகளைக் கிளறும்போது கண்ணில் படவே படாது. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் இது, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து வருகிறது. வழியில் களைத்துப்போய் வீட்டுத் திண்ணையிலும் கண்ணாடி ஜன்னலடியிலும் விழுந்து கிடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டில் சில மணி நேரம் அமைதியாக வைத்திருந்தால் பல பறவைகள் தெளிந்து பறந்துவிடும். பூனை முந்திக்கொள்ளாமல் பார்க்க வேண்டும்.

இரவில் எப்படி வழி தெரிகிறது? இந்தக் கேள்விக்கு 20-ஆம் நூற்றாண்டு அழகான சோதனைகளால் பதில் தேடியது. அதற்கு முன், எப்போது கிளம்புவது என்று எப்படித் தெரிகிறது? 1920களில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் வில்லியம் ரோவன், கடுங்குளிரில் திறந்த கூண்டுகளில் குருவிகளை வைத்து, மின்விளக்கால் அவற்றின் ‘பகலை’ நாளுக்குச் சில நிமிடம் நீட்டினார். உறைபனியிலேயே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின. நாட்காட்டி வெப்பத்தில் இல்லை, பகலின் நீளத்தில் இருக்கிறது என்பது அதில் தெரிந்தது. காலம் நெருங்கியதும் பறவை பசி மீறித் தின்று கொழுப்பைச் சேர்க்கிறது. நெடுந்தூரம் போகும் சில இனங்கள் கிளம்பும்போது தம் எடையில் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். கூண்டில் அடைத்திருந்தாலும் அந்த இரவுகளில் அது தூங்காது, போக வேண்டிய திசையை நோக்கித் தாவிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தாவலைத்தான் அமெரிக்காவில் ஸ்டீஃபன் எம்லென் பயன்படுத்திக்கொண்டார். புனல் வடிவத் தாள்கூண்டின் அடியில் மைத்திண்டு வைத்தார். பறவை தாவும் திசையெல்லாம் தாளில் கால்தடமாகப் பதிந்தது. கோளரங்கின் செயற்கை வானத்தில் நட்சத்திரங்களைத் திருப்பினால் பறவையும் திரும்பியது. துருவ நட்சத்திரத்துக்குப் பதில் திருவாதிரையைச் சுற்றி வானம் சுழலும்படி காட்டி வளர்த்த குஞ்சுகள், திருவாதிரை இருக்கும் பக்கத்தையே வடக்கு என்று எடுத்துக்கொண்டன. அதாவது வானத்தில் எது அசையாமல் நிற்கிறது என்பதைக் குஞ்சுப் பருவத்திலேயே பார்த்துப் படிக்கின்றன. ஜெர்மனியில் வில்ட்ஷ்கோ தம்பதியர், நட்சத்திரமே தெரியாத அறையிலும் பறவை புவியின் காந்தப்புலத்தைக் கொண்டு திசை அறிவதைக் காட்டினார்கள். விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதம் இதில் பங்கு வகிக்கக்கூடும் என்பதற்கு 2021-ல் வெளியான ஆய்வு வலுச் சேர்த்தது. 1958-ல் நெதர்லாந்தின் பெர்டெக் வெளியிட்ட சோதனை இன்னொன்றைச் சொல்கிறது. ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்து சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். முன்பே ஒருமுறை போய்வந்த மூத்த பறவைகள் பாதையைத் திருத்திக்கொண்டு வழக்கமான இடத்துக்குப் போயின. முதல் பயணம் போகும் இளசுகள் பிறவியில் வந்த திசையிலேயே நேராகப் பறந்து ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்தன.

வித்துராவைச் சுற்றிய காடுகளில் எண்ணிக்கையில் மிகுந்தும் கவனத்தில் குறைந்தும் இருப்பவை இலைக் கதிர்க்குருவிகள். எட்டு கிராம் எடை. பச்சை இலைக்குள் பச்சைக் குருவி. காக்கசஸ் மலைகளில் கூடு கட்டும் ஓரினம் குளிர்காலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த மலைகளுக்கும் இந்த மலைகளுக்கும் உயிருள்ள உறவு அது. முகட்டுக்கு அந்தப் பக்கம் முண்டந்துறையில், ஆய்வாளர்கள் மதுசூதன் கட்டியும் டிரெவர் பிரைசும் பச்சைக் கதிர்க்குருவிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு குருவியும் சில மரங்களைத் தன் எல்லையாகப் பிடித்துக் குளிர்காலம் முழுதும் காவல் காக்கிறது. சும்மா வந்து தங்கிப்போகும் பறவைக்கு எல்லைச் சண்டை எதற்கு?

சில பறவைகள் கடந்துபோவதோடு சரி. அமுர் வல்லூறு கிழக்கு ஆசியாவிலிருந்து நாகாலாந்து, மணிப்பூர் வழியாக வந்து, தீபகற்பத்தைத் தாண்டி அரபிக்கடலுக்கு மேல் பறந்து ஆப்பிரிக்காவின் தெற்குக்குப் போகிறது. அதே மாதங்களில், வடகிழக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு தும்பிகளும் மாலத்தீவு வழியே கடல் தாண்டுகின்றன என்று ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதினார். வல்லூறுக்கு நடுக்கடலில் அந்தத் தும்பிகள் உணவாகலாம். 2012-ல் நாகாலாந்தின் பாங்டி பகுதியில் வல்லூறுகள் வலையில் பிடிபட்டுப் பெருமளவில் கொல்லப்பட்ட செய்தி வெளிவந்தது. அடுத்த ஆண்டே அந்த ஊர் மக்கள் வேட்டையைக் கைவிட்டு அவற்றுக்குக் காவலானார்கள். இது நடந்தது ஒரே ஆண்டுக்குள் என்பதை நினைக்க நெஞ்சு நிறைகிறது. மறுபுறம், பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்கு 2002-க்குப் பிறகு அங்கே வரவில்லை.

2015 முதல் 2020 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, மழைக்காலத்தில் ஒருமுறை, ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காலத்தில் ஒருமுறை என்று பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 361 இனங்கள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். வலசைப் பறவைகள் எங்கே தங்குகின்றன என்பதற்கு இப்போது ஊர்வாரியாகக் கணக்கு இருக்கிறது. ஓடைக்கரை மரங்களை வெட்டினால், தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தால், யாருடைய ஏழு மாத வாழ்க்கை போகிறது என்று இனி ஊகிக்க வேண்டியதில்லை.

மார்ச் கடைசியில் கல்லாற்றுப் பாறையில் நிற்கும் ஆண் வாலாட்டியின் வெண்தொண்டையில் கறுப்பு புள்ளி புள்ளியாக ஏறத் தொடங்கும். கூடு கட்டும் பருவத்துக்கான உடுப்பு அது. வடக்கே பனி உருகும் முன்பே இங்கே உடுத்திக்கொள்கிறது. முன்னைவிடச் சுறுசுறுப்பாகப் பூச்சி பிடிக்கும், மஞ்சள் வயிறு இன்னும் அடர்ந்து பளிச்சிடும். தொண்டை முழுதாகக் கறுத்த பிறகு, ஏப்ரலில் ஏதோ ஓர் அதிகாலையில், அந்தப் பாறையில் தண்ணீர் மட்டும் மோதிக்கொண்டிருக்கும்.