ஏட்டில் ஏறிய சுவர்

வாலிகண்டபுரத்தில் மாமாவுக்கு மக்காச்சோளமும் பருத்தியும் வாங்கி விற்கும் கடை. கணக்கு எழுத ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன். பைத்தானில் எழுதி, அது நம்பியிருக்கும் லைப்ரரிகளையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி, அவருடைய கணினியில் போட்டாயிற்று. மூன்றாம் வருடம் ரசீது வரவில்லை.

“என்ன மாப்ள, உன் பொட்டி படுத்துருச்சு. ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

போய் உட்கார்ந்தேன். கடையில் இணையம் கிடையாது. ரசீது தயாரிக்கும் லைப்ரரியின் கையேட்டை நான் மூட்டையில் வைக்கவில்லை. இணைய முகவரியை மட்டும் குறித்திருந்தேன். கைப்பேசியில் தேடிப் பிடித்தால், அங்கே புதிய பதிப்பின் கையேடுதான் இருந்தது. நான் கட்டிக் கொடுத்த பதிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சாயங்காலம் வாலீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள். சின்ன வயதில் அவற்றை அலங்காரம் என்று நினைத்திருக்கிறேன். கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை அலங்காரமில்லை, பத்திரங்கள். எந்த நிலம், கொடுத்தது யார், அதன் வருமானத்தில் எந்த விளக்கு எரிய வேண்டும், பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அப்படியானால் கோயிலை இடித்துக் கட்டும்போது அந்தப் பத்திரங்கள் என்னவாகும்? இதற்கான பதில் தெற்கே, அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் இருக்கிறது. முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், சுமார் 1013இல், அங்கிருந்த வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டான். சுவரில் கை வைக்கும் முன் கல்வெட்டுகள் முழுவதையும் ஏட்டில் படியெடுக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. 1014இல் அவன் இறந்துபோனான். மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், சுமார் 1026இல், ஏட்டிலிருந்தவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. இந்தக் கதையைச் சொல்வதும் அங்குள்ள கல்வெட்டுதான்.

எழுத்து இல்லாமலும் விமானம் நின்றிருக்கும். விளக்குக்கு யார் நெய் தர வேண்டும் என்று கேட்டால்தான் யாருக்கும் பதில் தெரிந்திருக்காது.

மென்பொருள் உலகிலும் இதே ஒழுங்கு உண்டு. இயன் மர்டாக் 1993இல் தொடங்கிய டெபியனில், ஒவ்வொரு பொட்டலத்தோடும் அதன் உரிமைக் குறிப்பு போக வேண்டும். பெரிய கையேடுகளைத் தனிப் பொட்டலமாகக் கட்டலாம். ஆவணக் கோப்புகளை அழித்தாலும் நிரல் ஓடியாக வேண்டும் என்பதும் விதி. பலரும் பயன்படுத்தும் எம்.ஐ.டி. உரிமம் கேட்பதும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: பிரதி எங்கே போனாலும் உரிமைக் குறிப்பும் கூடப் போகட்டும். ஓடுவதற்குத் தேவையில்லை என்பதாலேயே நாம் இவற்றை முதலில் கழித்துவிடுகிறோம். நானும் மூட்டை சிறியதாக இருக்கட்டும் என்றுதான் கழித்தேன்.

வீட்டில் கிடந்த பழைய லேப்டாப்பில் அந்தப் பதிப்பின் கையேடு அகப்பட்டது. ரசீதைச் சரிசெய்து மூட்டையை மறுபடி கட்டினேன். இம்முறை ஒவ்வொரு லைப்ரரிக்கும் அந்தந்தப் பதிப்பின் கையேடு, உரிமம், எதற்காக அதைச் சேர்த்தேன் என்று தமிழில் இரண்டு வரி. எல்லாம் இணையம் இல்லாமலே திறக்கும்.

மாமா அந்தக் கோப்புறையைப் பார்த்தார். “இதையெல்லாம் யாரு மாப்ள படிக்கப் போறா?”

“அடுத்து ரிப்பேர் பாக்க வர்றவன் மாமா. அது நானா இருக்கணும்னு இல்ல.”