சாங்கியில் ஒரு பலகை

சிங்கப்பூரில் அனுமதி வாங்கிக் கூடாரம் அடித்துத் தங்கக்கூடிய கடற்கரைகள் ரொம்பக் குறைவு. அவற்றில் எனக்குப் பிடித்தது சாங்கி கடற்கரைப் பூங்கா. 28 ஹெக்டேர், 3.3 கிலோமீட்டர் நீளம். ஈஸ்ட் கோஸ்ட் மாதிரிக் கூட்டம் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் மலாய்க் குடும்பங்கள் பாய் விரித்து, கரி மூட்டிக் கோழி சுடுவார்கள். நாங்கள் புளியோதரை டப்பாவோடு போவோம். தமிழ்க் குடும்பம் எங்கே போனாலும் புளியோதரையும் கூடவே வரும், அது தனிக் கட்டுரைக்கான விஷயம். தலைக்கு மேலே விமானங்கள் சக்கரத்தை இறக்கியபடி தாழப் பறக்கும். பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இதே பூங்காவில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1942 பிப்ரவரி 20 அன்று, இந்தக் கரையின் நீர்விளிம்பில் 66 ஆண்களை ஜப்பானியத் துணை ராணுவப் போலீஸ் சுட்டுக் கொன்றது என்கிறது. எல்லோரும் பொதுமக்கள்.

பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். 18-ஆம் தேதி 'சூக் சிங்' தொடங்கியது. துடைத்துச் சுத்தம் செய்வது என்று பொருள். சீனாவில் நடந்த போருக்குப் பணம் திரட்டி அனுப்பியவர்கள் மலாயாச் சீனர்கள் என்பதால் ஜப்பானியருக்கு அவர்கள்மேல் கோபம். 18 முதல் 50 வயதுவரையுள்ள சீன ஆண்களைத் திரட்டி வரிசையில் நிறுத்தினார்கள். தப்பியவருக்குச் சட்டையிலோ கையிலோ ஒரு முத்திரை. மற்றவர்கள் லாரியில். பிரித்ததில் பெரிய விசாரணை ஒன்றும் கிடையாது. பின்னாளில் பிரதமரான லீ குவான் யூவும் 18 வயதில் ஜாலான் புசாரில் அப்படி மாட்டி, எப்படியோ நழுவி வந்தவர். மார்ச் 4 வரை இது நடந்தது. செத்தவர்கள் சுமார் 5,000 என்று ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது. சீனச் சமூகத்தின் கணக்கு 40,000 முதல் 50,000. பத்து மடங்கு இடைவெளி! என் மென்பொருள் வேலையில் இப்படி ஒரு எண் வந்தால், கையில் தரவே இல்லை என்றுதான் அர்த்தம்.

எனக்கு உறுத்துவது இன்னொரு தேதி. பிப்ரவரி 17. அன்று ஃபாரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். மேஜர் ஃபுஜிவாரா அவர்களை நண்பர்கள் என்று வரவேற்றார். மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவம் அங்கிருந்துதான் வளர்ந்தது. ஜாலான் புசார் அங்கிருந்து நடந்துபோகும் தூரம். ஒரே வாரம், ஒரே பேட்டை. நமக்குக் கைகுலுக்கல், பக்கத்துத் தெருக்காரனுக்கு லாரி.

நம் வீடுகளில் ஜப்பான்காரன் காலம் என்றால் நேதாஜி கதை வரும், ஜான்சிராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் வருவார்கள். பெருமைப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதைகளில் இந்தக் கடற்கரை வருவதே இல்லை. அந்த நட்பும் எல்லாத் தமிழருக்கும் கிடைத்ததில்லை. அடுத்த வருஷமே மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் செத்த தமிழர்கள் பல்லாயிரம் பேர்.

பலகையில் கடைசியாக ஒரு தகவல் இருக்கிறது. சில நூறு மீட்டர் தெற்கே தானா மேரா பெசார் கடற்கரை. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கரை இன்று விமான ஓடுபாதைக்குள் போய்விட்டது. சாங்கி விமான நிலையம் 1981-இல் திறந்தது. வேலை தேடி வந்த என்னைப் போன்றவர்கள் பெட்டியோடு வந்து இறங்குவது அங்கேதான். 66 பேருக்குப் பலகை வைக்க மணல் மிஞ்சியிருக்கிறது. அந்த ஆயிரம் பேருக்கு அதுவும் இல்லை.

என் அலுவலகச் சீன நண்பனை ஒருமுறை கூடாரம் போடக் கூப்பிட்டேன். "பகல்ல வரேன், சாப்பிடறேன். ராத்திரி தங்க மாட்டேன்," என்றான். அவனுடைய பாட்டி அந்தத் தண்ணீரில் கால் வைக்கக்கூட விட்டதில்லையாம். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, இவனும் கேட்டதில்லை. பலகையைப் பார்த்திருக்கிறாயா என்றேன். "எதுக்கு? எங்க வீட்ல யார் பேரும் அதுல இல்லையே," என்றான். உண்மைதான். அந்தப் பலகையில் யார் பெயரும் இல்லை.