நாற்பத்திரண்டு எண்களின் வரலாறு

புள்ளியியல் பாடநூல்கள் பலவற்றில் ஒரு சிறிய அட்டவணை இடம்பெற்றிருக்கும். அதில் இரண்டு வரிசைகள். வரிசைக்கு 21 எண்கள். ஒரு வரிசையைச் சிறியதிலிருந்து அடுக்கினால் 1, 1, 2, 2, 3 எனத் தொடங்கி 23இல் முடியும். மற்றொரு வரிசையில் சில எண்களின் அருகே கூட்டல் குறி நிற்கும். மாணவர்கள் பயிற்சிக் கணக்காகக் கடந்து செல்லும் இவ்வெண்கள் உண்மையில் வாரக் கணக்குகள். கடும் குருதிப் புற்றுநோய்க்கு ஆளான ஒரு குழந்தை, நோய் தணிந்த நிலையில் எத்தனை வாரம் இருந்தது என்பதை ஒவ்வோர் எண்ணும் சொல்கிறது. அவை பிறந்த கதையை அறிந்தால், மருந்துச் சோதனை என்பதன் பொருளும் விளங்கும்.

கடும் குருதிப் புற்றுநோயில், எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. செவ்வணுக்களும், குருதியை உறையச் செய்யும் தட்டணுக்களும் உருவாக இடமின்றிப் போகின்றன. சோகையும் குருதிப்போக்கும் தொற்றும் உயிரை மாய்க்கின்றன. 1940களில் இந்நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்தனர். 1948இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை வெளியிட்டார். அம்மருந்தை உருவாக்கிய லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிப் பணிக்குத் தலைமையேற்றிருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அடுத்து, கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்சும் மெர்காப்டோபியூரின் என்னும் மருந்தை ஆக்கினர். உயிரணு தன் மரபுப்பொருளைப் படியெடுக்கத் தேவையான மூலப்பொருளைப் போன்ற தோற்றங்கொண்டு, அப்பணியைத் தடுப்பது அது. ஆயினும் ஒவ்வொரு மருந்துக்கும் பின்வாங்கிய நோய், சில மாதங்களில் மீண்டும் வந்தது.

இந்நிலையில் ஒரு வினா எழுந்தது. பிரெட்னிசோன் என்னும் மருந்து நோயை விரைந்து தணித்தது. தணிந்தபின் குழந்தை உண்ணும், விளையாடும், பார்ப்பதற்கு நலமாகவே இருக்கும். அத்தகைய குழந்தைக்கு, நல்ல அணுக்களையும் தாக்கக்கூடிய மெர்காப்டோபியூரினைத் தொடர்ந்து கொடுப்பது நன்மையா, வீண் துன்பமா? இரு பக்கமும் நியாயம் இருந்தது. விடை ஒருவரிடமும் இல்லை.

எமில் ஃபிரைரைக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் 11 மருத்துவமனைகளில் இவ்வினாவை ஆராய்ந்தனர். ஒரே மருத்துவமனையில், நோய் ஒரே அளவில் தணிந்திருந்த இருவர் ஓர் இணையாக்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒருவருக்கு மருந்தும் மற்றவருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் கிடைத்தன. விடை தெளிவானதும் சோதனையை நிறுத்திவிட ஏதுவாக, ஒவ்வோர் இணையின் முடிவும் வந்தவுடன் கணக்கில் சேர்க்கப்பட்டது. 21 இணைகளில் விடை கிடைத்தது. 18 இணைகளில் மருந்து பெற்றவரே நீண்ட நாள் நலமாயிருந்தார். வெற்று மாத்திரை பெற்ற 21 பேருக்கும் நோய் மீண்டது. அவர்களுள் பாதிப்பேருக்கு 8 வாரத்துக்குள் மீண்டது. மருந்து பெற்றவர்களுள் 12 பேருக்குக் கணக்கெடுப்பு முடிந்தபோதும் நோய் மீளவில்லை. 1963இல் முடிவுகள் வெளிவந்தன.

எஞ்சிய மூன்று இணைகளையும் நாம் கருத வேண்டும். அவற்றுள் ஒன்றில், மருந்து பெற்ற குழந்தைக்கு 7 வாரத்தில் நோய் மீண்டது. வெற்று மாத்திரை பெற்ற குழந்தையோ 22 வாரம் நலமாயிருந்தது. அவ்விருவரை மட்டும் கண்ட ஒரு மருத்துவர், இம்மருந்தால் பயனில்லை என்றே நேர்மையுடன் முடிவு செய்திருப்பார். தனியொருவர் அனுபவம் எவ்வளவு உண்மையானாலும் தவறான வழியைக் காட்டக்கூடும். பல மருத்துவமனைகள் ஒன்றுகூடி ஒப்பிட்டதன் தேவை இங்கே புலப்படுகிறது.

வெற்று மாத்திரை கொடுத்தது அறமா என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். மருந்து பயன் தரும் என முன்பே அறிந்திருந்தால், அச்செயல் பெருந்தவறு. அறியாத நிலையில், எல்லாருக்கும் கொடுத்திருந்தாலும் ஒருவருக்கும் கொடுக்காதிருந்தாலும் அதுவும் ஒரு சோதனையே. ஆனால் அதிலிருந்து எவரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். விடை தெரிந்தபின் அதே சோதனையை மீண்டும் நடத்துவதற்கு அறம் இடந்தராது.

இவ்விடை பல வழிகளைத் திறந்தது. நோய் கண்ணுக்கு மறைந்த பின்னும் மருத்துவம் தொடரவேண்டும் என்னும் கொள்கை நிலைபெற்றது. 1962 முதல் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் பல மருந்துகளை இணைத்து வகுத்த சிகிச்சை, அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளைக் காப்பாற்றியது. நம் மண்ணிலும் இத்தொடர் நீண்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் இணைந்து நடத்திய மா-ஸ்போர் ஆய்வில் 500க்கும் மேற்பட்ட குழந்தைகள் பங்கேற்றனர். உடலில் எஞ்சிய நோயணுக்களை அளந்து, அவை விரைவாகக் குறைந்தவர்களுக்கு மருந்தின் கடுமையும் குறைக்கப்பட்டது. கூட்டினால் பயனுண்டா என்று கேட்ட காலம் போய், குறைத்தாலும் காக்க முடியுமா என்று கேட்கும் காலம் வந்தது. அவ்வாறு குறைத்தும், பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்தனர். நோய் தணிந்தபின் குழந்தைகள் உண்ணும் மாத்திரைகளுள் மெர்காப்டோபியூரின் இன்றும் உள்ளது.

பாடநூலின் அட்டவணையில் நிற்கும் கூட்டல் குறிக்கு, கடைசியாகக் கணக்கெடுத்த நாளில் அக்குழந்தைக்கு நோய் மீளவில்லை என்பது பொருள். அக்குறி இல்லாத எண்கள் நோய் மீண்ட குழந்தைகளுடையவை. அவர்கள் தந்த விடையைக் கொண்டே பின்வந்தோர் பிழைத்தனர். ஆசிரியர்கள் இக்கணக்கைக் கற்பிக்கும்போது இவ்வரலாற்றையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.